ஸ்ரீராம்புரத்துப் பதினொரு பாட்டில்கள்

எடுத்த அன்றைக்குப் பொய் சொல்கிறது. மூன்று நாள் ஃப்ரிட்ஜில் கிடந்தால் உண்மை பேசுகிறது. இப்படி ஒரு சிறுநீர் மாதிரியை எலிசபெத் தன் பன்னிரண்டு வருட லேப் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. ஒன்றே ஒன்று என்றால் கைப்பிசகு என்று விட்டுவிடலாம். பதினொன்று இருந்தன, பதினொன்றும் ஸ்ரீராம்புரத்தில் ஒரே சந்து.

பழசானால் எதுவும் கெட்டுத்தான் போகும். பால் திரியும், சாம்பார் புளிக்கும், மாதிரிகளும் அப்படித்தான். பழையது தவறாகக் காட்டினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இங்கே புதியது தவறாகக் காட்டியது, பழையது சரியாகக் காட்டியது. திங்கட்கிழமை காலையிலிருந்து எலிசபெத் இரண்டு முடிவுத் தாள்களை அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லேப், மல்லேஸ்வரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. ஈரோட்டிலிருந்து வந்த தாரணி ஆரம்பித்தது. ஆள் மொத்தம் ஐந்து பேர். பூச்சிமருந்து மனித உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்பதை மலிவாக, அன்றைக்கே சொல்லிவிடும் பரிசோதனை ஒன்றை அங்கே இரண்டு வருடமாக உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் மூளை எலிசபெத்தினுடையது. லிங்கராஜபுரத்தில் வீடு, அப்பா தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர். அவருடைய நுரையீரலில் எவ்வளவு தூசி சேர்ந்திருக்கிறது என்று, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிறவரைக்கும் ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. அளக்கிற வேலைக்கு வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

இந்தப் பரிசோதனை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் மட்டும் எலிசபெத்துக்கு வாய் ஓயாது. லேப்புக்குப் புதிதாக யார் வந்தாலும் காபி ஆறும்வரை சொல்லுவாள்.

கொசுப் புகை மருந்து பைரெத்ராய்டு என்ற வகை. சாமந்தி இனத்துப் பூ ஒன்றில் இருக்கும் விஷத்தைப் பார்த்து மனிதன் செய்துகொண்டது. மூச்சிலும் தோலிலும் உள்ளே போனால், உடம்பு அதைச் சும்மா விடாது. ஒடித்து, ஒரு சின்னத் துண்டாக்கி, ஒரு நாளைக்குள் சிறுநீரில் வெளியே தள்ளிவிடும். அந்தத் துண்டை எண்ணினால் உள்ளே போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும். துண்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் ஆன்டிபாடி. முயலின் உடம்பு அதைச் செய்து தரும். ஆனால் துண்டு இத்தனூண்டு இருப்பதால் முயல் கண்டுகொள்ளாது. அதனால் துண்டை ஒரு பெரிய புரதத்தின் மேல் ஒட்டிவைத்து ஊசி போடுவார்கள். யானை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்?

"அப்புறம் எண்றது எப்படி?" என்று வந்தவர் கேட்பார். எலிசபெத் அதற்குத்தான் காத்திருப்பாள்.

"மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல ஒரு பஸ் நிக்குதுன்னு வச்சுக்கோங்க. அதுல இருக்கற சீட்டுதான் ஆன்டிபாடி. நாம நம்ம ஆளுங்க நூறு பேருக்கு நீலச் சட்டை போட்டு அனுப்பறோம். கூடவே சிறுநீர்ல இருக்கற துண்டும் ஏறுது, அதுக்குச் சட்டை கிடையாது. ரெண்டு பேருக்கும் சீட்டுக்கு அடிபிடி. பஸ் கிளம்பினதும் நின்னவங்களை எல்லாம் இறக்கி விட்டுடறோம். உக்காந்திருக்கற நீலச் சட்டையை மட்டும் எண்றோம். நீலம் நிறைய இருந்தா, வெளியாள் கம்மி. நீலம் குறைஞ்சா, விஷம் ஜாஸ்தி."

நீலச் சட்டை என்று அவள் சொன்னது ஒரு என்சைம். ஒரு வகை முள்ளங்கி வேரிலிருந்து எடுப்பது. லேபில் செய்த துண்டுகளோடு அதைக் கட்டினால் கிடைப்பதற்கு டிரேசர் என்று பெயர். கடைசியில் ஒரு திரவம் ஊற்றினால், பிளாஸ்டிக் தட்டில் அது இருக்கும் குழியெல்லாம் நீலமாகும். இந்த முறைக்கு எலைசா என்று பெயர். மாதிரிகளைச் சேகரித்து வரும் நாகேஷ், எலிசபெத்தை 'எலைசா மேடம்' என்றுதான் கூப்பிடுவான்.

நாற்பது பேரிடம் முதல் பரிசோதனை நடந்தது. ஆறு பேர் ஸ்ரீராம்புரம் வட்டாரத்தில் கொசுப் புகை அடிக்கும் ஆட்கள். இருபத்து மூன்று பேர் குப்பை வண்டி ஓட்டுநர்கள், ஏற்றி இறக்குபவர்கள். பதினொரு பேர் தெரு பெருக்கும் பெண்கள். ஆண்கள் எல்லாரும் காலையில் கையெழுத்துப் போடும் இடத்திலேயே மாதிரி கொடுத்தார்கள். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் பதினொரு பெண்களும் வீட்டிலேயே பிடித்து வைக்க, நாகேஷ் போய் வாங்கி வந்தான்.

முடிவு வந்தது. புகை அடிப்பவர்கள் ஆறு பேரும் அதிகம். அது எதிர்பார்த்ததுதான். மற்ற ஆண்கள் எல்லாரும் குறைவு, அதுவும் எதிர்பார்த்ததே. ஆனால் துடைப்பம் பிடிக்கும் பதினொரு பெண்களும் புகை அடிப்பவர்களைத் தாண்டி, அளவுகோலுக்கே மேலே போய் நின்றார்கள். அதே மாதிரிகளில் பாதியை, ஊருக்கு வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் பெரிய மெஷினுக்கு அனுப்பியிருந்தார்கள். அது துண்டுகளை ஒவ்வொன்றாக எடை போட்டே சொல்லிவிடும். விலை கோடிகளில், வரிசையில் நின்று முறை வருவதற்கே மூன்று நாள் ஆகும். அந்த மெஷின், பெண்கள் எல்லாரும் குறைவு என்றது. எலிசபெத் ஃப்ரிட்ஜில் மீதியிருந்ததை எடுத்துத் தன் பரிசோதனையிலேயே மறுபடி போட்டுப் பார்த்தாள். இந்த முறை அதுவும் குறைவு என்றது.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சுகாதார அதிகாரி கோவிந்தப்பா ஃபோன் செய்தார். தாரணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நோடம்மா, இங்க பாருங்க, காண்ட்ராக்டர் என் முன்னாடி உக்காந்து சிரிக்கறான். பெருக்கறவளுக்குப் புகை அடிக்கறவனை விட ஜாஸ்தியாம். இந்த டெஸ்டை வச்சு நான் அவனை மாஸ்க் வாங்கு, டியூட்டி மாத்துன்னு சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமை மீட்டிங். அதுக்குள்ள சரியா இருந்தா கையெழுத்துப் போடறேன். இல்லைன்னா ஃபைலை மூடிடறேன். பேஜார் பண்ணிக்காதீங்க."

அன்று சாயங்காலம் மதியழகன் மாடிப்படி ஏறி வந்தான். புகை அடிக்கும் ஆறு பேரில் ஒருவன், நாற்பது வயது. எட்டு வருடமாக அந்த மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு வருடமாக வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போகிறது. காண்ட்ராக்டர் காட்டிய டாக்டர் எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"மேடம், என் உடம்புல மருந்து இருபத்தேழுன்னு ஒரு நம்பர் சொன்னீங்க. அது சரியா, தப்பா?"

"சரிதாண்ணா. பெரிய மெஷினும் அதேதான் சொல்லுது."

"அப்ப ஏன் ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்? என் சம்சாரம் ரஞ்சிதத்துக்கு என்னை விட நாலு மடங்காமே. மேஸ்திரி கேக்கறான், 'ஏண்டா, உன் பொண்டாட்டி பக்கத்துல கொசு வந்தா செத்துடுமா'ன்னு." அவனே சிரித்துவிட்டு, விரலை மடக்கி நீட்டினான். "எட்டு வருஷத்துல மொத தடவை என் உடம்புக்கு ஒரு நம்பர் கெடச்சுது மேடம். அதைப் பொய்யாக்கிடாதீங்க."

எலிசபெத் சந்தேகப்பட்டியல் போட்டாள். பெண்கள் மட்டும் என்பதால் முதலில் மாத்திரைகள். இரும்புச்சத்து, கருத்தடை, தைராய்டு. ஒவ்வொன்றையும் தன் சொந்தச் சிறுநீரில் கலந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. மஞ்சள்? இல்லை. வெற்றிலை, புகையிலை? இல்லை. கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸிலும் இதே மருந்துதான் இருக்கிறது, ஆனால் அது உள்ளே போயிருந்தால் மெஷினும் பிடித்திருக்கும். செவ்வாய் காலை நாகேஷ் பெண்களிடம் புதிதாக வாங்கி வந்த பாட்டில்களின் அடியில் மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. காலைச் சிறுநீரில் அப்படிப் படிவது சகஜம். காரத்தன்மை தூக்கலாக இருந்தது. அதைச் சரிக்கட்டிவிட்டுப் போட்டாள். அப்போதும் பொய்.

"மூணு நாள் ஊற வச்சே டெஸ்ட் பண்ணிடலாமே?" என்றாள் தாரணி.

"ஏன் ஊறணும்னு தெரியாம ஊற வச்சா, அது டெஸ்ட் இல்லை தாரணி, ஜாதகம்."

செவ்வாய்க்கிழமையும் போனது. புதன் காலை, மறுபடி மாதிரி வாங்க நாகேஷ் போகிற வேலைக்குத் தானே போவது என்று எலிசபெத் கிளம்பினாள். அந்தப் பதினொரு பேரும் என்ன குடிக்கிறார்கள், என்ன தின்கிறார்கள், எதைத் தொடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்தால் ஒழிய இது விடியாது. ஸ்ரீராம்புரம் மெட்ரோவில் இறங்கி, நாகேஷ் சொன்ன அடையாளத்தை வைத்து அந்தச் சந்துக்குள் நுழைந்தாள். மணி ஐந்தே முக்கால். சந்துக்கு நடுவே ஒரே குழாய், சுற்றிலும் பிளாஸ்டிக் குடங்கள்.

குழாயடிக் கட்டைச்சுவரின் மேல் பதினொரு பாட்டில்கள் கவிழ்த்து வைத்திருந்தன. எலிசபெத்தின் பாட்டில்கள். எலிசபெத் ஒட்டிய லேபிள்கள்.

"அய்யோ மேடம், நீங்களா! நாகேஷ் வரலியா?" ரஞ்சிதம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க. இன்னும் காயல."

"என்னக்கா காயல?"

"பாட்டில்தான்."

"அது சீல் போட்டுத்தானே வந்துச்சு. எதுக்குக் கழுவுனீங்க?"

ரஞ்சிதம் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். கேட்பது கோபத்திலா, தெரியாமலா என்று அளந்துகொள்கிற பார்வை. தெரியாமல்தான் என்று முடிவானதும் குரலைத் தணித்தாள்.

"நான் பெருக்கற ரோட்டுல ஒரு வீடு இருக்குது மேடம். தண்ணி கேட்டா குடுப்பாங்க, நல்லவங்கதான். ஆனா டம்ளரைக் கையில குடுக்க மாட்டாங்க. தூக்கி ஊத்துவாங்க, நான் கையைக் குவிச்சுக் குடிக்கணும். பழகிடுச்சு, விடுங்க. ஆனா உங்க லேப்புக்கு எங்க வூட்டுல இருந்து ஒரு பாட்டில் போகுது. அதுவும் மூத்திரப் பாட்டில். அதைக் கையில எடுக்கறப்ப ஒருத்தரும் மூஞ்சியைச் சுளிக்கக் கூடாதுல்ல? அதான் பதினொண்ணையும் நானே வாங்கி, உள்ளயும் வெளியிலயும் பளிச்சுன்னு தேச்சு வச்சுடறேன். நம்பி யாருகிட்டயும் விடறதில்லை."

"எதைப் போட்டுத் தேய்ப்பீங்க?"

ரஞ்சிதம் இரண்டு பக்கமும் பார்த்தாள். "மேஸ்திரிகிட்ட சொல்லிடாதீங்க. டிரெய்னேஜுக்குப் போடக் குடுப்பாங்களே, பிளீச்சிங் பவுடர். அதுல ஒரு டப்பா எடுத்து வச்சிருக்கேன். கூழு மாதிரி கரைச்சு உள்ள பூசி வச்சுட்டா, கறை எதுவும் நிக்காது. அப்பறம் ஒரு சொம்புத் தண்ணியில பதினொண்ணையும் அலசிடுவேன். ஒருநாள் விட்டு ஒருநாள்தானே தண்ணி வருது, குடம் குடமா ஊத்தவா முடியும்?"

எலிசபெத் ஒரு பாட்டிலை நிமிர்த்தி உள்ளே பார்த்தாள். அடியில் மாவு மாதிரி வெள்ளை. மூக்கருகே கொண்டுபோனாள். நீச்சல்குளத்து வாசனை. இந்த வாசனை அவளுக்கு எப்படித் தெரியாமல் போனது? லேபே நாள் முழுக்க அந்த வாசனைதான். சிறுநீர் கையாளும் மேசையை ஒவ்வொரு முறையும் குளோரின் தண்ணீரால் துடைக்க வேண்டும் என்ற விதியை எழுதி ஒட்டியவளே அவள்தான்.

"என்ன மேடம், தப்பாயிடுச்சா?" என்றாள் ரஞ்சிதம்.

எலிசபெத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "தப்பு உங்க மேல இல்லைக்கா. இத்தனை நாள் என் தூக்கத்தை எடுத்தது எதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு டம்ளர் காபி குடுங்க, குடிச்சுட்டுக் கிளம்பறேன்."

ரஞ்சிதம் ஒரு நொடி தயங்கினாள். பிறகு எவர்சில்வர் டம்ளரை நிரப்பிக் கையில் கொடுத்தாள். எலிசபெத் உதட்டில் வைத்துக் குடித்தாள்.

திரும்பும் வழியிலேயே கணக்கு முழுக்கப் பிடிபட்டது. துண்டு பாட்டிலில் அதே அளவுதான் இருக்கிறது. பஸ்ஸில் நீலச் சட்டைக்காரர்கள் தங்கள் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பிளீச்சிங் பவுடரில் இருக்கும் குளோரின் அந்த முள்ளங்கி என்சைமைக் கொன்றுவிடுகிறது. சட்டை வெளுத்துப்போய்விட்டது! வெளியே நின்று நீலத்தை எண்ணுகிற எலிசபெத்தோ, நீலம் காணோமே, சீட்டெல்லாம் வெளியாள் பிடித்துவிட்டான் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். மூன்று நாளில் அந்தக் குளோரின் சிறுநீரில் இருக்கும் மற்ற பொருள்களோடு மோதி மோதித் தானே தீர்ந்துவிடும். அதன் பிறகு போட்டால் வெளுக்க ஆள் இல்லை, உண்மை தெரிகிறது. பெரிய மெஷினுக்கு இந்தக் கவலையே கிடையாது. அது சட்டையைப் பார்ப்பதில்லை, ஆளையே எடை போடுகிறது.

நாகேஷ் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டான். "இஷ்டேனா! இவ்வளவுதானா! அப்ப இனிமே கழுவாதீங்கன்னு சொல்லிடலாம். முடிஞ்சுது கதை."

"என்னன்னு சொல்லுவே? 'நீங்க கழுவினா எங்களுக்கு ஆகாது'ன்னா?"

எலிசபெத் பையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இந்தச் சந்துல சொல்லிடலாம்ப்பா. நாளைக்கு இந்த டெஸ்ட் ஊர் முழுக்கப் போகும். எந்த வீட்டுல யார் எதைப் போட்டுக் கழுவறாங்கன்னு வாசல்ல நின்னு காவல் காக்க முடியுமா? அவங்க கழுவட்டும். நம்ம டெஸ்ட் தாங்கட்டும்."

குளோரினை அடக்குவதற்கு உலகம் முழுக்கப் பயன்படும் எளிய மருந்து ஒன்று இருக்கிறது. சோடியம் தயோசல்ஃபேட் என்ற உப்பு. கற்கண்டு மாதிரி இருக்கும். குளோரினைக் கண்டதும் அதனிடம் தன்னைக் கொடுத்து, அதை வெறும் உப்பாக்கிவிடும். லேபில் அது இல்லை. சப்ளையர் நான்கு நாள் ஆகும் என்றார். எலிசபெத் கீழே இறங்கி, மார்க்கெட் பக்கம் வண்ணமீன் கடைக்குப் போனாள். குழாய்த் தண்ணீரில் மீன் சாகாமல் இருக்கத் தொட்டியில் போடும் கட்டி, அதே உப்புதான். கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு, "எத்தனை மீன் வச்சிருக்கீங்க?" என்றார்.

"நாப்பது."

"தொட்டி பெருசா?"

"ஊர் அளவுக்கு" என்றாள்.

மதியத்துக்குள் உறுதியானது. தன் சிறுநீரை மூன்றாகப் பிரித்தாள். முதலாவது அப்படியே. குறைவு என்று வந்தது. இரண்டாவதை, ரஞ்சிதம் செய்தது மாதிரியே பிளீச்சிங் கூழ் பூசி அலசிய பாட்டிலில் ஊற்றினாள். அளவுகோலுக்கு மேலே போனது. மூன்றாவதும் அதேபோல்தான், ஆனால் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தாள். குறைவு. தயோசல்ஃபேட்டே நீலத்தைத் தடுக்காதா என்று தாரணி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் நிறம் வருவதற்கு முன்னால் குழிகளை மூன்று முறை கழுவிவிடுகிறார்கள். நின்ற பயணிகளோடு அந்த உப்பும் இறங்கிப்போய்விடும்.

அன்று மாலையே நாற்பது பாட்டிலிலும் ஆளுக்கொரு சிட்டிகை போட்டு, மூடி, நாகேஷ் கொண்டுபோய்க் கொடுத்தான். வியாழன் காலை மாதிரிகள் வந்தன. எலிசபெத் தட்டைப் போட்டாள். ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், பதினொன்றில் எட்டு மறுபடியும் அளவுகோலுக்கு மேலே.

தாரணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நாளைக்கு மீட்டிங், எலிசபெத்."

எலிசபெத் ஃபோனை எடுத்தாள். மறுமுனையில் ரஞ்சிதத்துக்குப் பின்னால் குப்பை வண்டி பாடிக்கொண்டே போனது.

"அக்கா, நேத்து குடுத்த பாட்டில்ல ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"ஆமா மேடம், நானே சொல்லணும்னு இருந்தேன். எல்லா பாட்டில்லயும் அடியில உப்பு மாதிரி என்னமோ ஒட்டிட்டு இருந்துச்சு. கடைக்காரன் அழுக்குப் பாட்டிலா குடுத்து உங்களை ஏமாத்தறான், ஜாக்கிரதை. மூணு வீட்டுல அவசரப்பட்டு அப்பிடியே பிடிச்சுட்டாங்க. மீதி எட்டையும் நல்லா தேச்சுக் கழுவிட்டேன்."

எலிசபெத் ஃபோனை வைத்துவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நாகேஷுக்குப் பயமாகிவிட்டது. "மேடம், ஆர் யூ ஓகே?"

"கழுவட்டும்னு நான்தானே சொன்னேன்? அப்புறம் கழுவற இடத்துலயே கொண்டுபோய் மருந்தை வச்சா?" அவள் எழுந்துவிட்டாள். "கழுவற கை எட்டாத இடத்துல வைக்கணும்ப்பா. அது நம்ம கையிலதான் இருக்கு."

எந்த மாதிரியையும் நேராகக் குழியில் ஊற்றுவதில்லை. முதலில் பஃபர் என்ற ஒரு திரவத்தில் ஒன்றுக்குப் பத்தாகக் கலக்குவார்கள், அதன் பிறகுதான் நீலச் சட்டைக்காரர்களோடு சேர்ப்பார்கள். அந்த பஃபரில் தயோசல்ஃபேட்டைக் கரைத்துவிட்டால்? மாதிரி உள்ளே வந்ததும் குளோரின் அங்கேயே அடங்கிவிடும். சட்டைக்காரர்கள் வருவதற்குள் வெளுக்கிற ஆள் இருக்க மாட்டான். எந்தச் சந்தில் யார் எதைப் பூசினாலும் கவலை இல்லை. காலையில் வந்த அதே நாற்பது மாதிரிகளைப் புது பஃபரில் போட்டாள். மாதிரிகளில் பாதியை நாகேஷ் ஏற்கெனவே பெரிய மெஷினுக்குக் கொண்டுபோயிருந்தான். இந்த ஒரு முறை வரிசையைத் தாண்டி உடனே போட்டுத் தர, தாரணி அங்கிருக்கும் தன் பழைய சிநேகிதியிடம் கெஞ்சியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெஷினின் பட்டியல் வந்தது. கோவிந்தப்பாவின் அறையில், ஒரு தாளை எலிசபெத்தும் ஒன்றைத் தாரணியும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படித்தார்கள். மதியழகன் கதவோரம் நின்றிருந்தான், ரஞ்சிதமும் வந்திருந்தாள். காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒன்று முதல் நாற்பது வரை. முப்பத்தெட்டு பேருக்கு இரண்டு தாளும் ஏறக்குறைய ஒரே எண். மற்ற இரண்டிலும் வித்தியாசம் கால் பங்குதான். புகை அடிக்கும் ஆறு பேர் உச்சியில். மதியழகன் இருபத்தாறு. பெருக்கும் பெண்கள் எல்லாரும் ஒன்று, ஒன்றரை.

"ஒருத்தரைத் தவிர" என்றாள் எலிசபெத். "ரஞ்சிதம் அக்கா ஆறு. மெஷினும் ஆறுன்னுதான் சொல்லுது. போன வாரமும் அது ஆறுன்னுதான் சொல்லிச்சு, அந்தக் குழப்பத்துல நாங்க கவனிக்கல. அக்கா, அண்ணனோட யூனிஃபார்மை யார் துவைக்கறது?"

"நான்தான். கையில."

மதியழகன் மனைவியின் கைகளைப் பார்த்தான்.

கோவிந்தப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தாள்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நான் பழைய ஆள், கண்ணால பார்க்கணும். ஒரு பாட்டில் குடுங்க." வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் பியூனைக் கூப்பிட்டு ஸ்டோரிலிருந்து பிளீச்சிங் பவுடர் கொண்டுவரச் சொன்னார். ஒரு தேக்கரண்டி எடுத்து, எல்லார் எதிரிலும் தன் பாட்டிலில் தானே கொட்டிக் குலுக்கினார். "ஈக நோடோணா. நான் புகை மெஷின் பக்கமே போறதில்லை. இப்ப என்ன சொல்லுது, பார்க்கலாம்."

நாகேஷ் சின்னத் தட்டையும் நிறம் பார்க்கும் கருவியையும் கொண்டுவந்திருந்தான். எலிசபெத் அதே மாதிரியை இரண்டு குழிகளில் போட்டாள். ஒன்று பழைய பஃபரில், ஒன்று புதியதில். காத்திருக்கும் நேரத்தில் கோவிந்தப்பாவுக்குப் பஸ் கதையைச் சொன்னாள். அவர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். கடைசித் திரவம் ஊற்றியதும் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். பழைய குழி தண்ணீராகவே இருந்தது. புதிய குழியில் முதலில் ஒரு நிழல் மாதிரி வந்தது, பிறகு வெளிர் நீலம், பிறகு பேனா மை ஊற்றியது போல் அடர்ந்த நீலம்.

"பூஜ்யம் புள்ளி எட்டு" என்று நாகேஷ் கருவியைப் பார்த்துப் படித்தான். "சார், நீங்க கிளீன்."

"அது என் சம்சாரத்துக்கிட்ட சொல்லு" என்றார் கோவிந்தப்பா. காண்ட்ராக்டரின் ஆளைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் பேனாவைத் திறந்து ஃபைலில் எழுதினார், எழுதுவதை உரக்கப் படித்துக்கொண்டே எழுதினார். புகை அடிப்பவர்களுக்கு முழு மாஸ்க்கும் கையுறையும். ஒரு வாரம் புகை, மூன்று வாரம் வேறு வேலை. யூனிஃபார்ம் வீட்டுக்குப் போகக் கூடாது, டிப்போவிலேயே துவைக்க வேண்டும். மாதம் ஒரு முறை எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை, எல்லா வார்டிலும். பிறகு மதியழகனை நிமிர்ந்து பார்த்தார். "இருபத்தாறு. உன் நம்பரை எழுதிட்டேன்ப்பா. அந்த விரலைப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டறதுக்கு லெட்டரும் தர்றேன்."

மதியழகன் கையெடுத்துக் கும்பிட வந்தவன், பாதியில் நிறுத்தி, ரஞ்சிதத்தின் பக்கம் திரும்பினான். "பார்த்தியா? என் நம்பர் பொய் இல்லை."

"ஆமா, பெரிய கலெக்டர் நம்பர்" என்றாள் அவள். ஆனால் முகமெல்லாம் பல்லாக இருந்தது. எலிசபெத்திடம் வந்தாள். "மேடம், இனிமே நான் பாட்டிலைக் கழுவலாமா, கூடாதா?"

"உங்க இஷ்டம்க்கா. கழுவினாலும் சரி, கழுவாட்டியும் சரி. டெஸ்ட் தாங்கும்."

மத்தியானம் லேபுக்குத் திரும்பியதும், சுவரில் ஒட்டியிருந்த செய்முறைத் தாளில் மூன்றாவது வரியை எலிசபெத் அடித்தாள். அதன் மேல் கையாலேயே எழுதினாள்: மாதிரியை ஒன்றுக்குப் பத்தாகக் கலக்கும் பஃபரில், லிட்டருக்கு ஐந்து கிராம் சோடியம் தயோசல்ஃபேட் சேர்க்கவும், கலந்து ஐந்து நிமிடம் கழித்தே டிரேசரை ஊற்றவும், பாட்டிலில் எதுவும் போட வேண்டாம்.